அப்பா பேசுவார்

நீலக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று வடிவுக்குச் சொல்லத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் நிற்கிறது, வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு எள்ளளவு நகர்ந்திருக்கிறது, கண்பட்டால் வெட்கப்படுகிற ஜாதி போல. மூன்று பேர் சேர்ந்து செய்த கேமை அவளுடைய பழைய லேப்டாப் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டி முடித்ததும் எடுத்துப் பார்க்க வேண்டும், சரியாக இருந்தால் ஏற்றி அனுப்ப வேண்டும், ஐந்து மணிக்குப் போட்டிக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே அண்ணன் குறட்டை விடுகிற சத்தம் மச்சு வரைக்கும் வந்தது. சங்கரன்கோவில் வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைக் கொண்டுவந்து மேசையில் போட்டிருந்தது. நிழலுக்குப் பக்கத்தில் போன் மல்லாந்து கிடந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து, கேமுக்குப் படம் வரைகிற நிரோஜினிக்கு அனுப்பியது எல்லாம் அதில் வரிசையாக நின்றது, 'நிரோ, என்னாச்சும்மா', 'படிக்கியா', 'ஒண்ணும் அவசரமில்ல', 'சும்மா ஒரு வார்த்தை அனுப்பு', ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒற்றை டிக். இரண்டாவது டிக் விழவே இல்லை. போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். போனை அணைத்து வைத்திருக்கிறாள், அல்லது அணைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது அங்கே கரண்ட் இல்லை. இலங்கையில் கரண்ட் போகுமா? போகும், எங்கேதான் போகாது. கரண்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, கரண்ட் நேற்றுச் சாயங்காலத்திலிருந்தா போயிருக்கும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். சமாதானத்தைச் சொல்லும் வாய்தான் அதைக் குலைக்கவும் செய்கிறது, அந்த வாயை என்ன செய்ய.

பேச்சு நன்றாகத்தானே போனது. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப அந்த நேற்றைய போனைக் காதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், எங்கேயும் முள் இல்லை. நிரோவின் அப்பா எவ்வளவு மரியாதையான மனுஷர். ஒரு சொல் தடித்துச் சொல்லவில்லை. 'தங்கச்சி' என்றுதானே கூப்பிட்டார். வடிவை அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. அண்ணன் 'ஏளா' என்பான், மதினி 'வடிவு' என்பாள், வேலை பார்க்கிற பாலிடெக்னிக்கில் பையன்கள் 'லேப் மேடம்' என்பார்கள், அதுவும் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்தான். நாற்பது எட்டிப் பார்க்கிற வயதில் அவள் கேம் செய்யக் கற்றுக்கொண்டதை வீட்டில் ஒரு சீக்கு மாதிரி சகித்துக்கொண்டார்கள். கேம் ஜாம் என்று ஒன்று உண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் அதை வைத்து ஒரு கேம் செய்து கொடுத்துவிட வேண்டும், பரிசு என்று பெரிதாக ஒன்றுமில்லை என்று சொன்னபோது, "பெறவு என்னத்துக்கு?" என்று மதினி கேட்டதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை. முன்னால் இரண்டு தடவை தனியாகவே செய்து அனுப்பினாள். கடைசித் திரையில் பெயர் வரும் இல்லையா, நிரல் வடிவு, படம் வடிவு, சத்தம் வடிவு, நன்றி வடிவு. மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகையில பொண்ணு, மாப்பிள்ள, பந்தல் எல்லாம் ஒரே பேரா போட்ட மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். வடிவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு வெகுநேரம் அந்தத் திரையை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது மதினிக்குத் தெரியாது. அதனால்தான் இந்த முறை ஒரு மாதம் முன்னாலேயே, இணையத்தில் ஆள் தேடுகிற பலகையில் போய் எழுதினாள். எல்லாரும் அங்கே தங்கள் திறமையை அடுக்கி எழுதியிருந்தார்கள். அவள் எழுதியது: 'எனக்கு நிரல் எழுத வரும். படம் வராது. சத்தம் வராது. கூட யாராவது வருகிறீர்களா?' எழுதிவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் போன பிறகு வாசலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் புகாரி வந்தான், காயல்பட்டினத்துப் பையன், சென்னையில் இருக்கிறான், சத்தம் தன் பொறுப்பு என்றான். அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது. 'அக்கா, நான் படம் கீறுவன்.'

கீறுவாளாமே. அதை இப்போது நினைத்தாலும் வடிவுக்கு உதட்டோரம் இளகிற்று. ஏம்மா, படத்தை எதுக்குக் கீறணும் என்று கேட்டிருந்தாள். அங்கிருந்து சிரிப்பு சிரிப்பாக வந்தது. யாழ்ப்பாணத்துப் பக்கம் கரவெட்டியில் வரைவதைத்தான் கீறுவது என்பார்களாம். அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது, உங்கட சொல், எங்கட சொல் என்று. 'உங்கட பேர் வடிவோ, உண்மையாவோ?' என்று ஒருநாள் கேட்டாள் நிரோ. கிழவி பெயர் என்று வடிவு பதில் போட்டாள். 'விசரே அக்கா. இஞ்ச வடிவெண்டா அழகு. ரோட்டில போற பெட்டையைப் பாத்து, வடிவான பெட்டை எண்டு சொல்லுவினம். உங்களைக் கூப்பிடுற ஆக்கள் எல்லாம் ஒவ்வொரு தரமும் அழகு அழகெண்டுதான் கூப்பிடினம்.' விசர் என்றால் பைத்தியமாம். வடிவு எழுந்து போய்க் கண்ணாடி பார்த்தாள் என்று எழுதினால் அவளுக்குப் பிடிக்காது, ஆனால் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வடிவேலு என்று கேலி செய்தது, ரேஷன் கார்டில் வடிவம்மாள் என்று போட்டது, எல்லாவற்றையும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒரு வரியில் துடைத்துப் போட்டுவிட்டது. தலைப்பு 'விட்டுப் போனது' என்று வந்தபோது குடை என்று சொன்னதும் நிரோதான். பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன குடை, சொந்தக்காரரைத் தேடிக் குதித்துக் குதித்து, பஸ் மாறிப் பஸ் மாறிப் போக வேண்டும். வழியில் பார்க்கிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் போக வேண்டும். நிரோ கீறிய குடைக்கு ஒரு கம்பி வளைந்திருந்தது, அந்த வளைவாலேயே அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது. கண்டக்டர், பூக்காரி, காக்கா எல்லாம் கீறி அனுப்பிவிட்டாள். சொந்தக்காரரை மட்டும் கீறவில்லை. 'முகம் இன்னும் வரேல்லை அக்கா. கடைசியாக் கீறுறன்' என்றாள். அப்புறம், 'என்ர பேரை முழுசாப் போடுங்கோ. நிரோஜினி செல்வராசா. வடிவாப் போடுங்கோ' என்றாள். யார் பக்கத்திலாவது குடை போய் நின்றால் திரையில் ஒரு பொத்தான் முளைக்கும், 'பேசு' என்று. அதை வைத்தது வடிவு. விளையாடிப் பார்த்துவிட்டு நிரோ கேட்டாள், 'ஏனக்கா இந்தக் குடை எல்லாரையும் பேசுது? பாவம் அந்தக் கண்டக்டர்.' பேசினால்தானே வழி தெரியும் என்று வடிவு பதில் போட்டாள். அதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற ஒரு மஞ்சள் முகம் வந்தது. அதில் என்ன அப்படிச் சிரிப்பு என்று அப்போது தோன்றியது, தோன்றியதை விட்டுவிட்டாள்.

கோடு பாதியைத் தாண்டியிருந்தது. நேற்று மத்தியானம் இதே நாற்காலிதான். முடிவுக் காட்சி அவளுக்கு ஓடவில்லை, எழுதி எழுதிக் கேட்பதற்குக் குரலில் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று இருந்தது. அதுமட்டுமா காரணம். இத்தனை நாளாக அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டதில்லை, கேட்கவேண்டும் போலிருந்தது, அதுதான் காரணம். போன் பண்ணவா என்று கேட்டாள். வந்த பதில் இதோ இன்னும் கிடக்கிறது: 'போன் எடுத்தா அப்பா பேசுவார் அக்கா.' வடிவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. வீட்டுக்குத் தெரிந்துதான் செய்கிறாள், அப்பாவே எடுத்துப் பேசுவாராம், எவ்வளவு நல்ல குடும்பம். 'அதுக்கென்ன, பேசட்டும்' என்று தட்டினாள், தட்டிய கையோடு அழைப்பையும் அழுத்தினாள். ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. நீண்ட நேரம் மணி அடித்து ஓர் ஆண்குரல் எடுத்தது. "ஆர் கதைக்கிறது?" அவள் தன் ஊர், வேலை எல்லாம் சொன்னாள். அவர் இரைந்து கேட்கிறபடி போனை வைத்திருந்தார் போலும், தன் குரலே அந்தக் கூடத்தில் பட்டுத் திரும்பி வருவது அவளுக்குக் கேட்டது. "தங்கச்சி, பிள்ளைக்குச் சோதினை கிட்டுது. படிக்கிறனெண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள இருந்து படம் கீறிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்பதான் எனக்குத் தெரியும். அவளின்ர பேரைப் போட்டு ஒண்டும் வெளியில விடவேண்டாம். சனம் ஒண்டுக்கு ரெண்டாக் கதைக்கும்." சரிங்க சார், சரிங்க சார் என்றாள் வடிவு. அவர் குரலை இன்னும் தணித்துக்கொண்டு சொன்னார், "உங்களில பிழையில்லை. நான் உங்களைப் பேசேல்லை. என்ர பிள்ளையைத்தான் பேசவேணும்." அந்த இடத்தில் வடிவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. பிள்ளையோடு உட்கார்ந்து பேசவேண்டும் என்று சொல்கிற அப்பாவை அவள் எங்கே கண்டாள். அவளுடைய அப்பா, இருந்த காலத்தில், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைப்பதன் மூலம்தான் எதையும் தெரிவித்தார். "பேசுங்க சார்" என்றாள் வடிவு, அவ்வளவு மனப்பூர்வமாக, "தாராளமா பேசுங்க. நல்லா பேசுங்க. நீங்க பேசினாத்தான் அவ கேப்பா." அப்புறம் தூரத்திலிருந்து ஒரு சின்னக் குரல், போதும் என்பது போல, "அப்பா, காணும், வையுங்கோ." அவ்வளவுதான். நிரோவின் குரல் வடிவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். நினைத்திருந்ததைவிட மெல்லிசாக இருந்தது.

போன் அடித்தது. கை போன வேகத்தில் தம்ளர் சாய்ந்தது. புகாரி.

"அக்கா, கடைசி சீன்ல ஆள் யாரும் இல்லையே. இலவசமா ஒரு பொம்பள படம் கிடக்கு, அத வச்சிருவோமா?"

"நிரோ வந்து வரைவா."

"இனி எங்கக்கா வருவா. நேத்து என்னதான் நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல புகாரி. அவதான் சொன்னா, போன் எடுத்தா அப்பா பேசுவார்னு. பேசினேன். தங்கமான மனுஷன். நான்கூடச் சொன்னேன், அவகிட்ட நல்லா பேசுங்க சார்னு."

"அக்கா," என்றான், "வாப்பா கொழும்புல கடை வச்சிருந்தாங்க. நான் பள்ளிக்கூடம் அங்கதான் படிச்சேன். போன் எடுக்கிறதுன்னா அங்க போன் பண்றது அக்கா. பேசுறதுன்னா..."

"பேசுறதுன்னா?"

"ஏசுறது. திட்டுறது. நாம பேசுறதுங்கிறத அவங்க கதைக்கிறதும்பாங்க."

மேசையில் கொட்டிய தண்ணீர் ஓரத்துக்கு வந்து, யோசித்து, சொட்டியது. அக்கா, லைன்ல இருக்கீங்களா என்று புகாரி கேட்டான். இருக்கிறாள். இருந்தாள். பெறவு கூப்பிடுதேன் என்று வைத்துவிட்டு, துடைக்கத் துணி எடுக்கப் போனவள் வழியிலேயே நின்றுவிட்டாள். போன் பண்ணினால் அப்பா திட்டுவார் அக்கா. அதுக்கென்ன, திட்டட்டும். அப்படியா எழுதினேன். எழுதியிருக்கிறது, அழிக்க முடியாமல் கிடக்கிறது, அதற்கு மட்டும் இரண்டு நீல டிக். நான் உங்களைத் திட்டவில்லை, என் பிள்ளையைத்தான் திட்டவேண்டும். திட்டுங்க சார். தாராளமா திட்டுங்க. நல்லா திட்டுங்க. அந்தக் கூடத்தில் அவள் குரல் பட்டுத் திரும்பியதே, அந்தச் சுவர் ஒவ்வொன்றும் கேட்டிருக்கும், அந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை கெடவில்லை, சங்கரன்கோவிலில் சௌக்கியமாக மோர் குடித்துக்கொண்டிருந்தது, கெட்டது கரவெட்டியில் ஒரு பெட்டை. இத்தனை சொல்லை இரண்டு பேரும் தட்டிப் பார்த்துச் சிரித்தார்களே, கீறுவது, விசர், வடிவு, எல்லாம் தெரியாத சொல்லாக வந்ததால் நின்று கேட்டாள். இது தெரிந்த சொல் போல வந்தது. தெரிந்த ஆளிடம் யார் கதவில் நின்று பெயர் கேட்பார்கள். 'உங்களைப் பேசேல்லை' என்றாரே, உங்களிடம் என்று சொல்லவில்லையே, அவர்கள் பேச்சு அப்படி என்று விட்டுவிட்டாள். சனம் கதைக்கும் என்றும் அவர்தான் சொன்னார், அதே வாயால். குடை ஏன் எல்லாரையும் பேசுது என்று நிரோ சிரித்தது, ஐயோ, எதிர்ப்படுகிறவனை எல்லாம் திட்டிக்கொண்டு போகிற குடை. இன்னொன்றும் இருந்தது. போன வாரமோ அதற்கு முன்னோ. வடிவு அதைத் தேடிப் போனைத் தள்ளிக்கொண்டே போனாள். இருந்தது. 'அம்மா நல்லாப் பேசினவ. நான் அழுதிட்டன் அக்கா.' அதற்குக் கீழே அவள் எழுதிய பதில். 'நல்லதும்மா. அம்மாகிட்ட மனசுவிட்டுப் பேசினா அழுகை வரத்தான் செய்யும். அது ஒரு சுகம்.' அதற்குக் கீழே, சற்று நேரம் கழித்து, 'ஓம் அக்கா' என்று மட்டும் இருந்தது.

ஓம் அக்கா. ஆமாம் அக்கா என்கிற அந்த இரண்டு சொல்லைத் தாண்டி வடிவால் போக முடியவில்லை. அழுதிட்டன் என்று ஒரு பிள்ளை வந்து சொல்கிறது, அது ஒரு சுகம் என்று இவள் சொல்கிறாள், அது ஓம் என்று வாங்கிக்கொண்டு போகிறது. இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள். அக்காவும் பெரியவர்கள் கட்சிதான் என்றா. வேண்டுமென்றே போன் பண்ணிப் போட்டுக்கொடுத்தாள் என்றா. அந்த மரியாதையான குரல் போனை வைத்த பிறகு எப்படி இருந்திருக்கும்? கை நீட்டுவாரா? நீட்டமாட்டார், அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லை, அவளுக்கு யாரைத்தான் தெரிந்தது. பென்சிலை ஒடித்திருப்பார்களா. போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள், அதற்குள் இவளுடைய 'என்னாச்சும்மா'க்கள் ஒவ்வொன்றாகப் போய் வெளியே நிற்கின்றன. விளக்கி எழுதலாமா. போன் அப்பா கையில் இருந்தால்? இன்னொரு தடவை அந்தப் பிள்ளைக்குத்தான் விழும். மறுபடி போன் பண்ணலாமா. கை அந்தப் பக்கம் போகவே பயந்தது. கூட யாராவது வருகிறீர்களா என்று கூப்பிட்டாள், வந்தாள், வந்தவளை இவளே பிடித்துக் கொடுத்துவிட்டாள். மதினி கீழேயிருந்து குரல் கொடுத்தாள், "வடிவு, காப்பி ஆறுது. இன்னுமா அந்தக் குடை வந்து சேரல?" "வாரேன் மதினி" என்றாள். தன் பெயரைத் தானே கேட்டாள். அழகு, காப்பி ஆறுது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு, சத்தமில்லாமல், துடைக்க எடுக்காத துணியை நினைத்துக்கொண்டு.

கோடு முடிந்து, 'தயார்' என்று திரை காத்திருந்தது. அனுப்பவேண்டியதுதான் பாக்கி. ஆனால் அதற்குள் அந்தப் பொத்தான் இருந்தது, எல்லார் தலைமேலும், பேசு பேசு என்று. சோதினை என்கிற பரீட்சை முடியும், போன் திரும்பக் கிடைக்கும், என்றாவது ஒருநாள் நிரோ இந்தக் கேமைத் தேடி எடுக்காமல் இருக்கமாட்டாள், தான் கீறியது எப்படி அசைகிறது என்று பார்க்கிற ஆசை யாரை விட்டது. அங்கே யாரும் பூட்டமுடியாத ஒரு வழி இருக்கிறது, அது இந்தக் குடை போகிற வழி. மறுபடி கட்ட நேரம் இருக்கிறதா? இருந்தால் இருக்கிறது. வடிவு பொட்டலத்தை அழித்தாள். 'பேசு' என்று வந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து 'கதை' என்று மாற்றினாள். கடைசித் திரைக்குப் போனாள். 'படம் வரைந்தவர் நிரோஜினி செல்வராசா' என்று முந்தாநாள் ஆசை ஆசையாகப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருந்தது. முழுசாப் போடுங்கோ. பேரைப் போட்டு ஒண்டும் விடவேண்டாம். போட்டால் அவருக்குத் தெரிந்து அவளுக்கு ஏச்சு, போடாவிட்டால் அவள் இருந்ததே இல்லை என்றாகும். விரல் அழிக்கிற பொத்தானில் வெகுநேரம் கிடந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள், மொத்தமாக அழிக்க மனசு வரவில்லை. 'படம் கீறியது' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு முழுப்பெயர் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள். பிறகு முடிவுக் காட்சி. ஆள் இல்லாத பஸ் நிறுத்தம். அங்கே குடை சொல்வதற்கு ஒரு வரி வேண்டும். அவளுடைய தமிழில் எழுதிப் பார்த்தாள், அது மன்னிப்புக் கடிதம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டு நிரோவின் தமிழில் எழுதினாள். சரிதானா என்று கேட்க ஆள் இல்லை, இத்தனை நாளும் கேட்டது அவளிடம்தான்.

நீலக் கோடு மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. இந்த முறை வடிவு கண்ணை எடுக்கவில்லை. கட்டி முடிந்து, ஏற்றி முடிந்து, பெற்றுக்கொண்டோம் என்று வந்தபோது ஐந்து அடிக்க அதிக நேரம் இல்லை. உடனே புகாரியிடமிருந்து செய்தி. 'அக்கா பட்டன்ல கதைன்னு இருக்கே. நம்ம ஆளுங்களுக்குப் புரியுமா?' புரியாவிட்டால் போகட்டும் என்று எழுதினாள். 'கடைசி வரியும் புரியல' என்று அவன் எழுதினான். கொஞ்சம் கழித்து, கொழும்பில் படித்தவன் அல்லவா, அவனே மறுபடி எழுதினான், 'புரிஞ்சுடுச்சுக்கா.' அதற்கு மேல் அவன் ஒன்றும் எழுதவில்லை, நல்ல பையன்.

காப்பி குடிக்கப் போவதற்கு முன் ஒரு தடவை அவளே விளையாடிப் பார்த்தாள். கம்பி வளைந்த குடை குதித்துக் குதித்து, பஸ் மாறிப் பஸ் மாறி, கண்டக்டரோடு கதைத்து, பூக்காரியோடு கதைத்து, காக்காவோடு கதைத்துக் கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது. புகாரியின் மழை பெய்தது. பெஞ்சில் யாருமில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் பொத்தான் முளைத்தது, அழுத்தினாள். எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

'நான் உன்னைப் பேசச் சொல்லேல்லை.'

மறுபடி அழுத்தினாள். அதற்கு வேறு வரி கிடையாது, அதையே சொல்லிற்று. காலிப் பெஞ்சின் முன்னால் குடை நனைந்துகொண்டு நின்றது. வடிவு மறுபடி அழுத்தினாள்.